எட்டுக் கதவுகளும் ஒரு பட்டனும்

சோதனை நடந்த இடம்: தாளம் பயிற்சி அறைகள், அடித்தளம். காலை பத்து மணி.

இருந்தவர்கள்:

நான். குறிப்பெடுக்க.

தாளம். உரிமையாளர். வாயைத் திறக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு.

அண்ணி. தாளத்தின் மனைவி. அதே நிபந்தனை.

பல் டாக்டர். ட்ரம்பெட் ஊதுகிறவர்.

கேக் கடைக்காரம்மா. நடனம் ஆடிப் பார்க்க வருகிறவர்.

பள்ளி வேன் டிரைவர். பாட்டு.

ஆடிட்டர். டிரம்ஸ்.

கல்லூரி விரிவுரையாளர். மேடைப் பேச்சு ஒத்திகை.

இவர்களோடு ஒரு நீலச் சூட்கேஸ், படிக்கட்டின் அடியில். அதனிடம் போனும் இல்லை, விரலும் இல்லை; எனவே பட்டியலில் சேர்க்கவில்லை. ஆனால் அன்றைய சோதனையே அந்தச் சூட்கேஸ் கிளம்புமா கிளம்பாதா என்பதற்காகத்தான்.

என் ரிப்போர்ட் எல்லாமே இப்படி ஒரு பட்டியலோடுதான் தொடங்கும். யார் இருந்தார்கள் என்று தெரியாமல் என்ன நடந்தது என்று சொல்வதில் அர்த்தமில்லை. அறையில் ஒரு ஆள் கூடுதலாக நின்றாலே மனிதர்கள் வேறு மாதிரி நடந்துகொள்வார்கள். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அன்று ஏமாந்தேன்.

தொழிலைச் சொல்லிவிடுகிறேன். ஒரு செயலியையோ இணையதளத்தையோ மெஷினையோ ஆட்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்ப்பேன். எங்கே முழிக்கிறார்களோ அந்த இடத்தை மாற்றி வரைந்து கொடுப்பேன். யாருக்கும் சம்பளக்காரி இல்லை, கூப்பிடுகிறவர்களுக்கு வேலை. என் அக்கா வீட்டில் இருக்கிறேன். அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். வீட்டுக்கு வருகிறவர்களிடம் என் வேலையை அவர்தான் விளக்குவார்: "ஊர்ல இருக்கிறவங்க முழிக்கிறத இவ வேடிக்கை பாப்பா. அதுக்கு ஒரு கம்ப்யூட்டர், ஒரு நோட்டு." தப்பு என்று சொல்ல முடியாது.

அதற்கு முன் நான்கு வருடம் இரவு ஷிப்ட். உதவி எண்ணுக்கு வருகிற போனை எடுத்து, "ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்று சொல்லும் வேலை. வீட்டில் எனக்கு ஆந்தை என்று பெயர் வைத்தார்கள். ஒருநாள் ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சாப்பாட்டு இடைவேளைக்குப் போனேன். திரும்பப் போகவில்லை. பெரிய காரணம் எதுவும் இல்லை. ஒரே கேள்வியை ஆயிரம் பேர் கேட்டால் தப்பு ஆயிரம் பேர்மேல் இல்லை என்று அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது. அந்த ஆயிரம் பேரும் போன் செய்யத் தேவையில்லாமல் செய்வது ஒரு தொழில் என்று பிறகு தெரிந்தது. பெயர் மட்டும் இன்னும் ஆந்தைதான்.

கிளையன்ட்டுகள் பலவிதம். போன மாதம் ஒரு கண்ணாடிக் கடை. அதற்கு முன் ஒரு நாய் மருத்துவமனை. அதற்கும் முன் ஒரு சவப்பெட்டி கம்பெனி. சவப்பெட்டி ஆர்டர் செய்யும் பக்கத்தை வரைந்தபோது அதற்கு முன்பு ஒரு கடைக்கு வைத்திருந்த மாதிரியில் கடைசிப் பக்கத்தை அப்படியே எடுத்துப் போட்டுவிட்டேன். ஆர்டர் முடிந்ததும் திரையில் "நன்றி, மீண்டும் வருக" என்று வந்தது. முதலாளி போன் செய்து அந்த வரியை எனக்கே இரண்டு தடவை படித்துக் காட்டினார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பு வராமல் இருந்திருந்தால் இந்நேரம் மறுபடி ஹெட்செட் மாட்டியிருப்பேன்.

இனி தாளம். அது பட்டப்பெயர். மேசை, தட்டு, கார் கதவு, மனைவியின் தோள், எது கிடைத்தாலும் விரலால் தட்டுகிற ஆள். பகலில் மூன்று பள்ளிகளில் டிரம்ஸ் சொல்லிக்கொடுக்கிறார். ஒரு செருப்புக் கிடங்காக இருந்த அடித்தளத்தை எடுத்து, ஏழு அறைகளாகத் தடுத்து, சுவரெல்லாம் பஞ்சு அடித்து, சத்தம் வெளியே போகாமல் செய்து மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார். வீட்டில் ஊதினால் திட்டு வாங்குகிறவர்கள், ஆடினால் கீழ்வீட்டுக்காரரிடம் விளக்குமாற்றால் கூரையில் இடி வாங்குகிறவர்கள் எல்லாரும் இங்கே வருவார்கள். சந்தோஷமான இடம். உள்ளே போகும்போது முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போகிறவர்கள் வெளியே வரும்போது வேறு ஆளாக வருவார்கள்.

வெளியே வரும்போதுதான் பிரச்சினை.

கதவுகளில் எலக்ட்ரானிக் பூட்டு. ஏழு அறைக்கும் ஏழு, தெருக்கதவுக்கு ஒன்று. போனில் அறையைப் பதிவு செய்தால் அதே போனால் கதவைத் திறக்கலாம். போகும்போது போனில் "பூட்டு" என்ற பட்டனை அமுக்க வேண்டும்; கதவருகே நின்று அமுக்கினால்தான் வேலை செய்யும். யாரும் அமுக்குவதில்லை. திறந்து கிடந்த நான்காம் அறையிலிருந்து ஒருமுறை டிரம்ஸின் சிம்பல் தட்டு ஸ்டாண்டோடு காணாமல் போனது. அதிலிருந்து ஒவ்வொரு அறை காலியானதும் அண்ணியின் போன் அலறும்: அறை பூட்டப்படவில்லை. இவர்கள் குடியிருப்பது மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது. தாளத்தின் வலது முழங்காலில் இரண்டு திருகாணி. ஆக, இறங்குவது அண்ணி, பூட்டுவது அண்ணி, ஏறுவது அண்ணி. ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை. இந்தப் பூட்டுகள் வருவதற்கு முன் சாவிக்கொத்தோடும் இதே ஓட்டம்தான். மொத்தம் மூன்று வருடம்.

மூன்று வருடத்தில் அண்ணி ஒரு இரவு கூட வெளியூரில் தங்கியதில்லை. அவளுடைய பள்ளிக்கூடத் தோழிகள் மூவர் கடற்கரையில் ஒரு வீடு பிடித்துப் பத்து நாள் தங்கப் போகிறார்கள். இதற்கு முன் இரண்டு தடவை இதே ஏற்பாடு நடந்தது. இரண்டு தடவையும் அண்ணி டிக்கெட்டை ரத்து செய்தாள்.

"இந்தத் தடவையும் வரலன்னா குரூப்பை விட்டே தூக்கிடுவாளுங்க" என்று என்னிடம் சொன்னாள். "எழுதியே போட்டுட்டாளுங்க. கீழ மூணு சிரிக்கிற மூஞ்சி வேற. அதான் பயமா இருக்கு."

புருஷனும் பெண்சாதியும் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்திருந்தார்கள். நான் மூன்று வாரம் உட்கார்ந்து அந்தப் பட்டனைச் சரி செய்திருந்தேன். ஐந்து பேர் வந்து, யாரும் எதுவும் சொல்லாமல், தாங்களாகவே ஐந்து பேரும் கதவைப் பூட்டிவிட்டுப் போனால் அண்ணி மாலை ஐந்தரை ரயிலில் கிளம்பலாம். ஒருவர் தவறினாலும் டிக்கெட் ரத்து. அதனால்தான் அந்தச் சூட்கேஸ் படிக்கட்டின் அடியில் நின்றது. வீட்டிலும் இல்லை, தெருவிலும் இல்லை.

என் பட்டனைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது. பழையது சாம்பல் நிறத்தில் ஒரு மூலையில் கிடந்தது. நான் அதைப் பெரிதாக்கினேன். சிவப்பாக்கினேன். அமுக்காவிட்டால் போன் அதிரும்படி வைத்தேன். அமுக்கியதும் பூட்டுப் படம் ஒன்று அழகாகச் சுழன்று மூடிக்கொள்ளும். அந்தச் சுழற்சிக்கு மட்டும் இரண்டு நாள்.

முதலில் பல் டாக்டர். அறைக்குள் போனார், பத்து நிமிடம் ஊதினார், வந்தார். கதவை இழுத்தார், போனை எடுத்தார், பட்டனை அமுக்கினார், படிக்கட்டு வரை போனார்; முடித்தவர்கள் அங்கே காத்திருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பூட்டு விழுந்தது. அண்ணி என்னைப் பார்த்தாள். நான் முகத்தில் எதையும் காட்டவில்லை. காட்டக்கூடாது.

இரண்டாவது வேன் டிரைவர். பூட்டு விழுந்தது. மூன்றாவது ஆடிட்டர். அதுவும். நான்காவது விரிவுரையாளர், ஒத்திகையிலிருந்து பாதி பேச்சில் வெளியே வந்தவர் கூட, "ஆகவே அவையோர்களே" என்று முணுமுணுத்துக்கொண்டே கச்சிதமாகப் பூட்டினார்.

அண்ணி மெல்ல நகர்ந்து போய்ச் சூட்கேஸின் கைப்பிடியை வெளியே இழுத்துவைத்தாள்.

எனக்குத்தான் ஏதோ உறுத்தியது. இந்தத் தொழிலில் நான்கு பேர் ஒரே மாதிரி நடந்துகொண்டு நான் பார்த்ததில்லை. ஒருவர் போனைத் தலைகீழாகப் பிடிப்பார். ஒருவர் பாஸ்வேர்டை மறந்து மனைவிக்குப் போன் போடுவார். நாய் மருத்துவமனைச் சோதனையில் ஒருவர் நாயின் வயதைக் கேட்ட இடத்தில் தன் வயதைப் போட்டு, இனத்தைக் கேட்ட இடத்தில் கோபப்பட்டார். இங்கே நால்வரும் ஒரே அச்சில் வார்த்தது போல.

ஐந்தாவது கேக் கடைக்காரம்மா. கதவை இழுத்தார். இடுப்பு லேசாக அசைந்தது. போனை எடுத்தார். இடுப்பு மறுபக்கம் அசைந்தது. அமுக்கினார். ஒரு சின்னத் தலையாட்டல். போனார். நடனக்காரி இல்லையா, மறைக்கத் தெரியவில்லை. அவர் உதடு அசைவதைப் பார்த்தேன்.

"அக்கா, ஒரு நிமிஷம்" என்றேன். "என்ன சொல்லிக்கிட்டீங்க?"

"நானா? ஒண்ணுமில்லையே."

"இல்ல, ஏதோ எண்ணினீங்க."

அவர் தாளத்தைப் பார்த்தார். தாளம் கூரையைப் பார்த்தார். கூரையில் ஒரு டியூப்லைட் தவிர எதுவும் இல்லை.

"அது வந்து... இழு, எடு, அமுக்கு, போ" என்றார் கேக் கடைக்காரம்மா. "நாலு தட்டு. நேத்து போன்ல சொல்லிக்கொடுத்தார். நல்லா மனசுல நின்னுடுச்சு."

அதற்குள் ஆடிட்டரின் கால் தானாகவே அதைத் தட்டிக் காட்டியது. டக், டக், டக், டக்.

தாளம் ஐந்து பேருக்கும் முந்தின நாளே போன் செய்து, பாடம் நடத்தி, ஒவ்வொருவரையும் மூன்று தடவை சொல்லவைத்து ஒப்பித்துக் கேட்டிருக்கிறார். இருபது வருடம் டிரம்ஸ் வாத்தியாராக இருந்தவர் வேறு என்ன செய்வார்.

"அண்ணா, இது சோதனையே இல்ல" என்றேன். "பள்ளிக்கூட ஆண்டு விழா."

"தங்கச்சி, நான் என்ன தப்பா பண்ணிட்டேன்? அவங்க பூட்டணும், அவ்வளவுதானே? பூட்டினாங்களா இல்லையா?"

"நாளைக்கு வர்றவங்க எல்லாருக்கும் போன் பண்ணிச் சொல்லிக்கொடுப்பீங்களா?"

"அஞ்சு பேருக்கே தொண்டை கட்டிடுச்சு" என்று ஒத்துக்கொண்டார். பிறகு குரல் இறங்கியது. "அவ போகணும்னுதான் பண்ணினேன். அந்த மூணு சிரிக்கிற மூஞ்சிய நானும் பாத்தேன்."

அண்ணி சூட்கேஸின் கைப்பிடியைத் திரும்ப உள்ளே தள்ளினாள். கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

மணி ஒன்றரை. அந்த நேரம் பார்த்து மாமா, அக்காவின் கணவர்தான், படியிறங்கி வந்தார். ஒரு தோளில் ஸ்பேனர் பை, ஒரு கையில் என் சாப்பாட்டு டப்பா. பக்கத்துத் தெருவில் ஒரு கட்டிடத்தில் அவருக்கு வேலை. நான் மறந்துவிட்டுப் போனதை அக்கா அவரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறாள்.

"ஏ ஆந்தை, பகல்லயே கண்ணு தெரியாதா? சமையல்கட்டு மேடை மேல நடுவுல இருந்துச்சு."

"மாமா, போன் இருக்கா?"

"இருக்கு. ஏன், உன்னோடதையும் மறந்துட்டியா?"

"பத்து நிமிஷம் வேலை. இந்தச் செயலிய இறக்கி ஒரு அறையப் பதிவு பண்ணுங்க. உள்ள போங்க, என்ன வேணா பண்ணுங்க, வெளிய வாங்க. வேற எதுவும் நான் சொல்ல மாட்டேன்."

"நீ சொல்ல மாட்டேன்னா அது நல்ல விஷயம்தான்" என்று உள்ளே போனார்.

நான்காம் அறை. டிரம்ஸ் இருக்கிற அறை. உள்ளே தனியாக விட்டால் எந்த மனிதனும் அதன்முன் உட்காராமல் இருக்கமாட்டான். கதவின் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தோம். மாமா இரண்டு குச்சியையும் எடுத்து, லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற அதே முகத்தோடு ஆரம்பித்தார். வெளியே சத்தம் வரவில்லை. ஆனால் தாளம் வலி வந்தவர் போலக் கண்ணை மூடிக்கொண்டார்.

பத்து நிமிடம் கழித்து மாமா வெளியே வந்தார். வியர்வை, சிரிப்பு. தோளில் பை, ஒரு கையில் டப்பா, இன்னொரு கையில் கைக்குட்டை. குதிகாலால் கதவை இழுத்துத் தள்ளினார். கதவு சாத்திக்கொண்டது. அவர் பாட்டுக்குப் படிக்கட்டை நோக்கி நடந்தார். அவர் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. அதிரட்டும் என்று விட்டுவிட்டார். நான் இரண்டு நாள் உட்கார்ந்து வரைந்த பூட்டு இருட்டுப் பைக்குள் சுழலாமலே கிடந்திருக்கும்.

தாளம் வாயைத் திறந்தார். நான் விரலைக் காட்டினேன். மூடிக்கொண்டார். மாமா படியேறி, தெருக்கதவைத் திறந்து போயேவிட்டார். நான்காம் அறை பூட்டாமல் நின்றது. அண்ணியின் போன் அலறியது.

அவள் பழக்கதோஷத்தில் எழுந்து நான்காம் அறையை நோக்கிப் போனாள். பாதி வழியில் நின்றாள். நாங்கள் எல்லாரும் அதைப் பார்த்தோம்.

இரண்டு நிமிடத்தில் மாமா திரும்பி வந்தார், கையில் டப்பாவோடு. "உன் சோத்தை நானே தூக்கிட்டுப் போயிட்டேன் பாரு."

"மாமா, கதவைப் பூட்டல நீங்க."

"சாத்தினேனே."

"பூட்டல. போன்ல பட்டன் இருக்கு. சிவப்பா, பெருசா."

"போன் எதுக்கு இப்ப? வேலை முடிஞ்சிருச்சு, கையில சாமான் இருக்கு, வீட்டுக்குப் போற நேரம். அந்த நேரத்துல போனை எடுத்துக் கதவுக்கு குட்நைட் சொல்லணுமா? லிஃப்ட்ல இருந்து இறங்கினப்புறம் யாராவது திரும்பி நின்னு கதவைப் பூட்டுறானா? மூடிக்கிறது அது வேலை."

அவர் சொன்னதில் எனக்கு உறைத்தது வேறு. மூன்று வாரத்தில் நான் இந்த அடித்தளத்துக்கு மூன்று தடவை வந்திருந்தேன். மூன்று தடவையும் ஆட்களின் போன் திரையைத்தான் பார்த்தேன். ஒருவர்கூட வெளியே போவதைப் பார்க்கவில்லை. கிடாரும் பையும் தண்ணீர் பாட்டிலும் குடையும் தூக்கிக்கொண்டு மூன்றாவது கை இல்லாமல் நிற்கிற மனிதர்களை நான் பார்க்கவே இல்லை. பட்டனைச் சரிசெய்யச் சொன்னார்கள், பட்டனைச் சரிசெய்தேன். இரவு ஷிப்டில் ஆயிரம் பேருக்கு ஆஃப் செய்து ஆன் செய்யச் சொன்னேனே, அதே வேலையைச் சிவப்பு நிறத்தில் செய்திருக்கிறேன்.

"அண்ணா, இந்தப் பூட்டு தானா பூட்டிக்காதா?"

"பூட்டும். நான்தான் நிறுத்திவச்சிருக்கேன். உங்கிட்ட முதல் நாளே வேண்டாம்னு சொன்னேனே."

சொன்னார்தான். நானும் தலையாட்டினேன். ஏன் என்று கேட்கவில்லை. இப்போது கேட்டேன்.

தாளம் பல் டாக்டர் பக்கம் கையைக் காட்டினார். "பூட்டு மாட்டின முதல் வாரம். டாக்டர் ஊதிக்கிட்டு இருந்தவர் பாத்ரூம் போனார். போனும் செருப்பும் உள்ள. கதவு பூட்டிக்கிச்சு. நானும் இல்ல, இவளும் கடைக்குப் போயிட்டா. வெறுங்காலோட ஒரு மணி நேரம் இங்கேயே நின்னிருக்கார். மறுநாள் யாரோ ஒரு ஸ்டார் போட்டு, 'இது பயிற்சி அறை அல்ல, சிறை'ன்னு எழுதிட்டாங்க. அன்னைக்கே நிறுத்திட்டேன்."

பூட்டின் அருகே போய்ப் பார்த்தேன். கைப்பிடிக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஸ்டிக்கர். "தொடாதீர்கள்." அதன் ஓரம் லேசாகத் தூக்கியிருந்தது. நகத்தால் இழுத்தேன். அடியில் பூஜ்யம் முதல் ஒன்பது வரை பளபளவென்று ஒரு நம்பர் பலகை. பிறந்ததிலிருந்து யாரும் தொடாதது போல.

"இது என்ன அண்ணா?"

"அது கூடவே வந்துச்சு. ஆளாளுக்கு அமுக்கி விளையாடினாங்க. அதான் ஒட்டிட்டேன்."

"இதுல ஆளுக்கு ஒரு நம்பர் வைக்கலாம். கதவு தானா பூட்டிக்கட்டும். பாத்ரூம் போனவர், எதையாவது மறந்தவர், தன்னோட போன் நம்பர்ல கடைசி நாலைத் தட்டினா திறக்கும். அவருக்கு எடுத்த நேரம் முடியிற வரைக்கும். போன் தேவையில்ல. செருப்பும் தேவையில்ல."

"அது அன்னைக்கு இருந்திருந்தா" என்றார் பல் டாக்டர், "நான் அப்படி எழுதியிருக்கவே மாட்டேன்."

எல்லாரும் அவரைப் பார்த்தோம்.

"டாக்டர்" என்றார் தாளம் மெதுவாக, "எழுதினது யாருன்னே தெரியாதுன்னு சொன்னீங்களே. எங்கூட உக்காந்து அந்த ஆளை நீங்களும் திட்டினீங்களே."

பல் டாக்டர் தன் ட்ரம்பெட் பெட்டியின் கொக்கியைத் திறந்து மூடினார். "கோபத்துல எழுதிட்டேன். அப்புறம் நீங்க வருத்தப்பட்டதும் எனக்கே அந்த ஆள் மேல கோபம் வந்துடுச்சு."

வேன் டிரைவர்தான் முதலில் சிரித்தார். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. அண்ணி கூடச் சுவரில் சாய்ந்து சிரித்தாள். தாளம் மட்டும் சிரிப்பு அடங்கியதும் தலையை ஆட்டினார்.

"இருந்தாலும் வேண்டாம் தங்கச்சி. தானா பூட்டுறதுல எனக்கு நம்பிக்கை இல்ல. பட்டனே இருக்கட்டும். இன்னும் கொஞ்சம் பெருசா பண்ணு. சத்தம் போடுற மாதிரி வை. அடுத்த மாசம் திரும்ப சோதனை வைக்கலாம். ரயில் எங்க போயிடப் போகுது?"

அண்ணி சிரிப்பைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"என்னங்க" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "அந்தப் பட்டன் நான்தாங்க. மூணு வருஷமா. நீங்க அமுக்குவீங்க, நான் இறங்குவேன். என்னைப் பெருசாவும் பண்ண வேண்டாம், சிவப்பாவும் பண்ண வேண்டாம். எடுத்துடுங்க."

தாளத்தின் விரல் சுவரில் ஏதோ தட்ட ஆரம்பித்திருந்தது. நின்றது. தன் முழங்காலைப் பார்த்தார், படிக்கட்டைப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு மணி நேரம்."

"ஆரம்பி."

அந்த ஒரு மணி நேரம் அடித்தளம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. நான் தரையில் உட்கார்ந்து லேப்டாப்பில் எட்டுக் கதவின் அமைப்பையும் மாற்றினேன். மாமா ஸ்க்ரூடிரைவர் முனையால் ஸ்டிக்கர்களைச் சுரண்டினார். வேன் டிரைவர் பாடிக்கொண்டே பசையைத் துடைத்தார். ஆடிட்டர் ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடிச் சரிபார்த்து ஒரு காகிதத்தில் டிக் அடித்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை. கேக் கடைக்காரம்மாவும் விரிவுரையாளரும் நம்பர் பலகைக்கு மேலே ஒட்டுவதற்குச் சின்னச் சீட்டுகள் எழுதினார்கள். விரிவுரையாளர் முதலில் எழுதியது பதினொரு வரி. நான் அதை ஒரு வரியாக வெட்டினேன்: மறந்துட்டீங்களா? உங்க போன் நம்பர்ல கடைசி நாலு.

"இலக்கண சுத்தமா இல்லையே" என்றார்.

"வெறுங்காலோட நிக்கிறவர் இலக்கணம் பாக்க மாட்டார் சார்."

மூன்று வாரம் வளர்த்த சிவப்புப் பட்டனை நானே எடுத்தேன். ஒரு சொடுக்கு. சுழற்சியும் அதோடு போனது. நான் துக்கம் கொண்டாடவில்லை. அது நல்ல பட்டன். தேவையில்லாத பட்டன்.

மணி மூன்றேகால். இப்போது யாரும் பாடம் எடுக்காத ஆட்கள் வேண்டும். நானும் மாமாவும் தெருவுக்கு ஏறி, பஸ் நிறுத்தத்தில் நின்றவர்களைப் பிடிக்கப் போனோம். சொல்லிப் பார்த்தால் கடத்தல்காரர்கள் பேசுவது போலத்தான் இருந்தது: கீழே ஒரு அறை இருக்கு, பத்து நிமிஷம் உள்ள இருந்துட்டு வந்தா போதும். முதலில் கேட்ட பெண்மணி பையை மார்போடு அணைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். மாமா என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார்.

"உன் மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கூப்பிட்டா எவன் வருவான்? சிரி."

"சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"அதான் பயப்படுறாங்க."

மாமா கூப்பிட்டு வந்தது ஒரு கூரியர்காரர். நெஞ்சு வரை அடுக்கிய மூன்று பெட்டிகளோடு வந்தார், அதே பெட்டிகளோடு உள்ளே போனார், கால் நீட்டிப் பத்து நிமிடம் தூங்கினார், பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு தோளால் கதவைச் சாத்திவிட்டுப் போனார். பின்னால் பூட்டு விழுந்தது. அவருக்கு அது தெரியவே தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை.

அடுத்து பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு கணவன் மனைவி. யாரால் தவறியது என்று சண்டை.

"கீழ போய் உக்காந்து பேசிக்கலாம் வா" என்றார் கணவர். "இங்க எல்லாரும் பாக்கிறாங்க."

"பாக்கட்டும். கண்ணாடி முன்னாடி இருபது நிமிஷம் நின்னது யாருன்னு தெரியட்டும்."

சத்தம் வெளியே வராத அறை. கண்ணாடி வழியே கைகள் மட்டும் பறப்பது தெரிந்தது. நான் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். அதற்கு எனக்கு அனுமதி இல்லை. பத்து நிமிடம் என்றது இருபத்தைந்து நிமிடம் ஆனது. கதவு திறந்தபோது இருவரும் முகம் சிவக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்ன நடந்ததென்று தெரியாது. கதவு மூடியது, பூட்டு விழுந்தது. படிக்கட்டில் கால் வைத்ததும் மனைவி நின்றாள்.

"குடை எங்க?"

"உன் கையில இல்ல?"

"என் கையில இருந்தா ஏன் கேக்கிறேன்?"

கணவர் திரும்பி வந்து கைப்பிடியை இழுத்தார். திறக்கவில்லை. தாளம் என் தோளைப் பிடித்த பிடியில் எலும்பு வலித்தது. கணவர் போனைத் தேடிச் சட்டைப் பையைத் தடவினார். பிறகு கண்ணெதிரே இருந்த சீட்டைப் படித்தார். விரலை நீட்டினார். நாலு தட்டு. கதவு திறந்தது. குடையை எடுத்தார், வந்தார், கதவு மூடிப் பூட்டிக்கொண்டது.

"நாங்க எப்ப வேணா திரும்ப வரலாமா?" என்று மனைவி கேட்டாள். "சண்டை போட நல்ல இடம்."

அவர்கள் போனதும் தாளம் என் தோளை விட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசி என்றார். இருக்கலாம், ஸ்டிக்கர் சுரண்டிய தூசி நிறையவே பறந்தது.

மணி நாலேகால். ஸ்டேஷனுக்கு முக்கால் மணி நேரமாவது வேண்டும்.

"ஆக மூணு பேர்" என்றார் தாளம். "இன்னும் ரெண்டு பேர் பாக்கி. அஞ்சுன்னுதானே பேச்சு? தங்கச்சி, நீயே சொல்லு. மூணு போதுமா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மாமா கண்ணைக் காட்டினார், ஆமாம் என்று சொல் என்று. பொய் சொல்வது எனக்கு வராது என்று இல்லை. நாலு வருடம் "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்" என்று சொன்னவள் நான். ஆனால் இது என் வேலை.

"போதாது" என்றேன். "மூணு பேரை வச்சு எல்லாரும் இப்படித்தான் போவாங்கன்னு எழுத முடியாது. வேற எங்கயாவது ஓட்டை இருக்கலாம். பத்து நாள்ல ஏதாவது ஒரு கதவு ஒருநாள் சொதப்பலாம்."

மாமா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

அண்ணி மட்டும் தலையாட்டினாள், தான் கேட்கக் காத்திருந்ததைக் கேட்டவள் போல. "சொதப்பினா என்ன ஆகும்?"

"யாராவது போய்ப் பூட்டணும்."

"இவர் இறங்குவார்" என்றாள். "ஒரு நாளைக்குப் பதினஞ்சு தடவை இந்த முட்டி தாங்காது. பத்து நாள்ல ரெண்டு தடவை தாங்கும். தாங்குமா இல்லையாங்க?"

தாளம் முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்தார். "ரெண்டு தாங்கும்" என்றார். பிறகு ஒரு யோசனைக்குப் பின், "மூணு கூடத் தாங்கும்."

"அப்ப சரி."

"இரு, டாக்சி கூப்பிடுறேன். தண்ணி பாட்டில் எடுத்தியா? மாத்திரை? போய் இறங்கினதும் போன் பண்ணு. அங்க கடல்ல ரொம்ப உள்ள இறங்காதே. அந்த மூணு பேரையும் நம்பாதே, அவங்களுக்கு நீச்சல் தெரியாது."

"எனக்கும்தான் தெரியாது."

"அதுக்குத்தான் சொல்றேன்."

வேன் டிரைவர் சூட்கேஸைத் தூக்கப் போனார். அண்ணி விடவில்லை. தானே தூக்கிக்கொண்டு படியேறினாள். ஒரு கையில் சூட்கேஸ், தோளில் பை, மற்றக் கையில் தண்ணீர் பாட்டில், கக்கத்தில் கேக் கடைக்காரம்மா திணித்த பொட்டலம். நாங்கள் எல்லாரும் வரிசையாகப் பின்னால் ஏறினோம். தாளம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கடைசியாக.

தெருக்கதவின் அருகே அவள் நின்று ஒருமுறை எங்களைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வெளியே டாக்சி ஹாரன் அடித்தது. "வர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே இறங்கி, திரும்பாமல், குதிகாலால் கதவைப் பின்னுக்குத் தள்ளினாள்.

தாளம் பூட்டுவதற்காகக் கையை நீட்டிக்கொண்டு இரண்டு அடி முன்னால் வந்தார். கதவு சாத்திக்கொண்டது. அவர் கை போய்ச் சேர்வதற்குள் பூட்டு தானாக விழுந்தது.